ஏறாத கார்க் கண்ணாடி: கோளாறு எங்கே?

மழை தூறத் தொடங்குகிறது. பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஒரு காரின் பின் இருக்கையில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதற்காகப் பொத்தானை அழுத்துகிறீர்கள். கண்ணாடி அசையவில்லை. “மோட்டார் போய்விட்டது, புதிதுதான் போடவேண்டும்” என்று ஒருவர் சொல்கிறார். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆனால் கெட்டுப்போனது மோட்டார்தானா? பொத்தானின் அடியில் படிந்த சிறு கறைகூட இதே தொல்லையைத் தரலாம். எது உண்மை என்று கண்டுபிடிக்க, நீங்கள் வகுப்பில் படித்த ஓமின் விதியே பெரும்பாலும் போதும்.

தானாக ஏறி இறங்கும் கார்க் கண்ணாடிகள் 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாக்கார்டு போன்ற விலையுயர்ந்த கார்களில் வந்தன. அவற்றில் ஒரு மின் பம்பு எண்ணெயை அழுத்த, அந்த அழுத்தம் கண்ணாடியை உயர்த்தியது. பின்னர் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிறு மின்மோட்டார் வைக்கும் முறை வந்தது. இன்று நாம் காண்பது இதுவே.

கதவுக்குள்ளே என்ன இருக்கிறது?

கதவின் உள்தகட்டுக்குப் பின்னால் 12 வோல்ட்டில் இயங்கும் நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்று இருக்கிறது. அதன் தண்டில் திருகு போன்ற மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை ஒரு பற்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றும். பற்சக்கரம் ஒரு கம்பிக் கயிற்றையோ, கத்தரிக்கோல் போன்ற இரு கைகளையோ இயக்கிக் கண்ணாடியை நகர்த்தும். திருகு சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது. எனவேதான் மின்சாரம் நின்ற பிறகும் கண்ணாடி கீழே சரியாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஒரே மோட்டார் எப்படி ஏற்றவும் இறக்கவும் செய்கிறது? பெரும்பாலான பழைய கார்களில் மோட்டாருக்கு இரண்டே கம்பிகள். பொத்தானைத் தொடாதபோது இரண்டும் பாட்டரியின் எதிர்முனையோடு, அதாவது காரின் உடலோடு, இணைந்திருக்கும். ‘ஏற்று’ என அழுத்தினால் முதல் கம்பி நேர்முனைக்கு மாறும். ‘இறக்கு’ என அழுத்தினால் இரண்டாவது கம்பி மாறும். மின்னோட்டத்தின் திசை மாறுவதால் சுழலும் திசையும் மாறுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவுக்கு வரலாம். கண்ணாடி இறங்குகிறது, ஆனால் ஏறவில்லை என்றால், அதே மோட்டாரும் அதே இரு கம்பிகளும் இறங்கும்போது வேலை செய்திருக்கின்றன அல்லவா? எனவே முதலில் சந்தேகிக்க வேண்டியது பொத்தானைத்தான்.

முதலில் காது கொடுங்கள்

கருவிகளை எடுப்பதற்கு முன் பொத்தானை அழுத்திக் கவனியுங்கள்.

எல்லாக் கண்ணாடிகளும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டனவா? பொதுவான பியூஸையோ பொது இணைப்பையோ பாருங்கள். நான்கு மோட்டார்கள் ஒரே நாளில் கெடுவது அரிது.

மோட்டார் சுழலும் ஓசை கேட்கிறது, கண்ணாடி மட்டும் நகரவில்லையா? மின்சாரத்தின் மேல் குற்றமில்லை. கயிறு அறுந்திருக்கலாம், அல்லது பல் தேய்ந்திருக்கலாம்.

ஓசையே இல்லையா? காரின் உள்விளக்கை எரியவிட்டு அழுத்துங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. அது எங்கோ இறுகி நிற்கிறது. சுழலாத மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை உண்டாகாததால், அது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். விளக்கு சிறிதும் மங்காவிட்டால் சுற்று எங்கோ அறுந்திருக்கலாம்.

கதவைத் திறந்து மூடும்போது சில நேரம் மட்டும் வேலை செய்கிறதா? கதவுக் கீலருகே ரப்பர் குழாய்க்குள் செல்லும் கம்பி, ஆயிரக்கணக்கான முறை மடங்கி ஒடிந்திருக்கலாம்.

ஏமாற்றும் வோல்ட்மீட்டர்

இப்போது வோல்ட்மீட்டரை எடுப்போம். பலர் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதற்கு வரும் கம்பிகளில் மீட்டரை வைக்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது. “மின்சாரம் சரியாக வருகிறது, மோட்டார்தான் கெட்டது” என்று முடிவு செய்கிறார்கள். இது தவறாகலாம். ஏன்?

பொத்தானின் தொடுமுனையில் களிம்பு படிந்து அங்கே 1 ஓம் மின்தடை ஏற்பட்டிருக்கிறது என்று கொள்வோம். நின்ற நிலையில் மோட்டாரின் மின்தடையும் 1 ஓம் என்க. களிம்பு இல்லாவிட்டால் மோட்டாரில் 12 ஆம்பியர் பாயும். இப்போது மொத்த மின்தடை 2 ஓம். பாய்வது 6 ஆம்பியர் மட்டுமே. மோட்டாருக்குக் கிடைப்பது 6 வோல்ட். அதன் முறுக்கு விசை பாதியாகிறது, கண்ணாடி அசையவில்லை. மீதி 6 வோல்ட் களிம்பில் வீணாகி, 36 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. பொத்தான் சுடுவதற்கும் உருகுவதற்கும் இதுவே காரணம்.

மோட்டாரைக் கழற்றிவிட்டால்? டிஜிட்டல் வோல்ட்மீட்டரின் மின்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம். அதன் வழியே பாயும் மின்னோட்டம் மிக மிகச் சிறிது. எனவே 1 ஓம் களிம்பில் இழப்பு ஏறக்குறைய சுழி. மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டிவிடுகிறது!

ஆகவே மோட்டார் இணைந்திருக்கும்போதே பொத்தானை அழுத்திக்கொண்டு அளக்க வேண்டும். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 12 வோல்ட் இருந்தும் அது சுழலாவிட்டால், மோட்டார் கெட்டிருக்கிறது அல்லது கண்ணாடி இறுகியிருக்கிறது. வெகு குறைவாக இருந்தால் வழியில் இழப்பு உண்டு. பொத்தான், இணைப்பு, கம்பி என ஒவ்வொன்றின் இரு பக்கமும் அளந்தால் இழப்பு நேரும் இடம் தெரிந்துவிடும்.

இரு கதவுகளின் பொத்தான்கள் ஒரே வகையானால், அவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் பொத்தானுடன் இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே அறிவியல் முறை.

சரிசெய்தல்

களிம்பேறிய தொடுமுனைகளை மிக நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தால் பெரும்பாலும் போதும். கண்ணாடி மெதுவாக ஏறினால், அது வழுக்கிச் செல்லும் ரப்பர் பள்ளத்திலுள்ள தூசியைத் துடைத்து, சிலிக்கோன் பூச்சு தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், அது தூசியை ஈர்க்கும்.

எச்சரிக்கை: கதவுக்குள் கைவிடுவதற்கு முன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி விழாதபடி மரக்கட்டையால் தாங்குங்கள். சில வகைக் கைகளில் வலிமையான சுருள்வில் இருக்கும். மோட்டாரை அவிழ்த்தால் கை திடீரெனப் பாய்ந்து விரலை நசுக்கும். எனவே இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கின் துணையோடுதான் செய்ய வேண்டும். பழைய கார்கள் பலவற்றில், ஏதேனும் தடுத்தாலும் கண்ணாடி தானாக நிற்காது. பழுது நீங்கியபின், ஜன்னலருகே குழந்தைகள் இல்லை என்று பார்த்தே பொத்தானை அழுத்துங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பொம்மை மோட்டாரை இரண்டு மின்கலங்களோடு இணையுங்கள். இடையில் இரு முனையும் சீவிய ஒரு பென்சிலின் கரியைத் தொடராக வையுங்கள். மோட்டார் மெதுவாகச் சுழலும், அல்லது நின்றுவிடும். இப்போது மோட்டார் முனைகளின் வோல்ட்டை அளவுங்கள். பிறகு மோட்டாரை எடுத்துவிட்டு அதே இடத்தில் அளவுங்கள். இரண்டு அளவுகளும் ஏன் வேறுபடுகின்றன என்று உங்கள் நண்பருக்கு விளக்க முடிந்தால், கார்க் கண்ணாடியின் கோளாற்றையும் உங்களால் கண்டுபிடிக்க முடியும்.