உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைகள் படிப்பு ஸ்பெஷல்!

பாலிக் புலாவ் அம்மா அப்பாக்களே, ஒரு நிமிஷம்! டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இந்த வாரம் நான் அள்ளி வந்திருப்பதில் பாதிக்கு மேல் காசே செலவில்லாத சங்கதி!

மலேசியாவில் முதல் தமிழ் வகுப்பு எங்கே தொடங்கியது தெரியுமா? கோலாலம்பூர் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! நம்ம பினாங்குத் தீவிலேயே, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்! ஆண்டு 1816!

தினம் ஒரு கதைப்புத்தகம் வாசித்துக் காட்டினால் ஐந்து வயதுக்குள் பிள்ளையின் காதில் விழும் சொற்கள் எத்தனை? 296,660! புத்தகத்தையே தொடாத வீட்டில்? வெறும் 4,662! அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் போட்ட கணக்கு இது.

இருங்கள், இன்னும் இருக்கிறது! அதே கணக்கில் நாளுக்கு ஐந்து புத்தகம் வாசித்தால் 1,483,300 சொற்கள்! மெல்லிய படக்கதைதான், ஒன்றுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. தமிழ்க் கதையாகவே வாசியுங்கள். நம் பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் வெளியிலேயே கேட்டுக்கொள்வார்கள். தமிழை நாம்தான் ஊட்ட வேண்டும்!

முதலாம் ஆண்டில் பெற்றோர் கூட உட்கார்ந்து அடிக்கடி வாசித்த பிள்ளைகள், 15 வயதில் பல நாட்டு மாணவர்கள் எழுதும் பீசா தேர்வில் மற்றவர்களைவிட எவ்வளவு கூடுதலாக எடுத்தார்கள் தெரியுமா? சராசரியாக 25 புள்ளி! 2009 தேர்வில் கண்டது இது. பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வித்தியாசத்தைக் கழித்த பிறகும் 14 புள்ளி நின்றது! ஆறேழு வயதில் மடியில் வைத்து வாசித்த கதை எட்டு வருஷம் கழித்து மார்க்காக வந்து நிற்கிறது!

வீட்டில் 80 புத்தகம் இருக்கிறதா? அந்த வீட்டில் வளர்ந்தவர்களின் வாசிப்புத் திறன் சராசரியை எட்டிவிடுகிறதாம்! 31 நாடுகளில் 160,000 பெரியவர்களை வைத்துக் கண்டுபிடித்தது! பழைய புத்தகமானாலும் பரவாயில்லை.

டுரியான் சீசனில் நம்ம ஊர்ச் சாலையோரம் முழுக்கக் கணக்கு வகுப்புதான், கவனித்தீர்களா? கடைக்காரர் தராசில் பழத்தை வைக்கிறார். 2.4 கிலோ! கிலோ 35 வெள்ளி என்று வையுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்! பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். 84 வெள்ளி! நூறு கொடுத்தால் மீதி 16! தசமப் பெருக்கலும் கழித்தலும் அரை நிமிஷத்தில் முடிந்தது. வீட்டுக்கு வந்து பழத்தைப் பிளந்ததும் சுளையை மட்டும் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு தேறுவதே பெரிசு! பின்னம் இனி ஜென்மத்துக்கும் மறக்காது!

அறிவியலும் அங்கேயே இருக்கிறது! டுரியான் பூ மலர்வது இரவில். மகரந்தம் சேர்க்க வருவது யார்? வௌவால்! ஜாதிக்காய்த் தோட்டம் பக்கம் போனால் இன்னொன்றையும் காட்டுங்கள். ஒரே பழத்தில் இரண்டு மசாலா! கொட்டை ஜாதிக்காய், அதைச் சுற்றிய சிவப்பு வலை ஜாதிபத்திரி! நகரத்துப் பிள்ளைகளுக்குப் படத்தில் கிடைப்பது உங்கள் பிள்ளைக்குக் கையில் கிடைக்கிறது!

'நீ ரொம்பக் கெட்டிக்காரி!' என்று கொஞ்சுகிறீர்களா? உஷார்! கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மியூலர், டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு வெளியானது 1998-இல். புத்திசாலி என்று பாராட்டு வாங்கிய பிள்ளைகள், அடுத்த கடினப் புதிர்களில் மார்க் குறைந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் மார்க்கைக் கூட்டிப் பொய் சொன்னார்கள்! 'நன்றாக உழைத்தாய்' என்று பாராட்டு வாங்கியவர்களோ, 'புதிதாகக் கற்றுத்தரும் புதிரே வேண்டும்' என்றார்கள். நூற்றுக்கு 92 பேர்! ஒரு வார்த்தைதான் வித்தியாசம்!

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் வேண்டும்? 9 முதல் 12 மணி! காலை 6 மணிக்கு எழ வேண்டுமென்றால் இரவு 9 மணிக்கே விளக்கு அணைய வேண்டும்! தொலைக்காட்சித் தொடரை நீங்களும் கொஞ்சம் தியாகம் செய்யுங்கள்!

வீட்டுப்பாடத்தின் நடுவே கைப்பேசியைத் தொட்டால், கவனம் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிஷம் வரை ஆகலாம்! 2023-இல் யுனெஸ்கோ அறிக்கை சொன்னது!

பிள்ளையை ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு மலேசியச் சட்டத்தில் என்ன தண்டனை? 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே! 2003 முதல் அமலில் இருக்கிறது!

ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்து! மூன்றாம் படிவ பி.தி.3 தேர்வு 2022-இல் ரத்து! ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று இன்றைக்குத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் வகுப்பாசிரியர்தான்!

அவரைச் சந்திக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறதே! அதற்கென்று தனி விதிமுறைகளே உண்டு, 1998-இல் வந்தவை! பொதுக்கூட்ட அறிவிப்பு எங்கே என்று தேடுகிறீர்களா? பிள்ளையின் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இந்த முறை அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். அப்பாக்களே, நீங்களும் வாருங்கள்!