மூச்சுக்கு முன்னேற்பாடு

கோவிட் தொற்றுநோய் உலகத்தைப் பிடித்தாட்டிய 2020-ம் வருஷத்தில், செல்வத்திற் சிறந்த தேசங்களிலேகூட வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாச யந்திரங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கையில் பணம் இருந்தது. கேட்ட நாளில் பொருள் கிடைக்கவில்லை. அவ்வேளையில் வைத்தியர்களும் யந்திர நிபுணர்களும் படுக்கையறைகளில் உபயோகப்பட்டு வந்த ஒரு சிறு யந்திரத்தை நாடினர். அந்த வரலாற்றில் நமது தேசத்துக்கு ஒரு படிப்பினை அடங்கியிருக்கிறது. நோய் தணிந்திருக்கும் இக்காலத்திலேயே அதைக் கற்றுக்கொள்ளுதல் நலம் என்பது நமது அபிப்பிராயம்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுவழி அடைபட்டு, இரவில் பலமுறை மூச்சு நின்று நின்று வருவது ஒரு வியாதி. ஸிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் இதற்குக் கண்ட பரிகாரத்தை 1981-ல் வெளியிட்டனர். அதுவே சிபாப் எனப்படுவது. ஒரு சிறு விசிறி அறைக்காற்றை இழுத்து, குழாய் வழியாக முகமூடிக்குள் இடைவிடாத அழுத்தத்துடன் செலுத்துகிறது. அவ்வழுத்தம் மூச்சுவழியை மூடவொட்டாமல் தாங்கி நிற்கிறது. பைபாப் என்பது இதனினும் ஒருபடி மேலானது. உள்மூச்சுக்கு மிகுந்த அழுத்தமும் வெளிமூச்சுக்குக் குறைந்த அழுத்தமும் தருவது. நோயாளி மூச்சிழுக்கத் தவறினால் தானாகவே காற்றைச் செலுத்தும் ஏற்பாடு சிலவற்றில் உண்டு.

கோவிடினால் பழுதடைந்த நுரையீரலில் சிறு காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. அவற்றைத் திறந்து வைக்க இவ்வழுத்தம் உதவும். ஆயினும் வீட்டு யந்திரத்தை அப்படியே ஆஸ்பத்திரியில் வைத்தால் மூன்று குறைகள் எதிர்ப்படும். முதலாவது, அது செலுத்துவது வெறும் அறைக்காற்று. அதில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்குதான். இரண்டாவது, வெளிமூச்சு முகமூடியிலுள்ள துவாரங்களின் வழியே அறையில் கலக்கிறது. தொற்றுநோயாளியின் மூச்சு அவ்வாறு கலந்தால் அருகிலிருக்கும் தாதிகளுக்கு ஆபத்து. மூன்றாவது, நோயாளியின் நிலை கெட்டால் அறிவிப்பதற்குத் தீவிர சிகிச்சைக்குரிய அபாய மணிகள் அதில் இல்லை. ஆகவே பிராணவாயுவைக் குழாயிற் கலக்க வேண்டும். துவாரமற்ற முகமூடியை அணிவித்து, மூச்சு வெளியேறுமிடத்துக்கு முன்னே கிருமி வடிகட்டியைப் பொருத்த வேண்டும். நோயாளியை வேறு கருவிகளால் இடையறாது கண்காணிக்க வேண்டும்.

நியூயார்க் நகரத்து மவுண்ட் ஸைனாய் ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்தோர் 2020-ல் பைபாப் யந்திரங்களை இம்முறையில் திருத்தி, தொண்டையிற் குழாய் செலுத்தப்பெற்ற நோயாளிகளுக்கும் உதவும்படி செய்தனர். செய்முறையை மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அறிவித்தனர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அவ்வருஷம் மார்ச் மாதத்தில் தன் விதிகளைத் தளர்த்தி, இத்தகைய உபயோகத்துக்கு இடங்கொடுத்தது.

லண்டனில் நிகழ்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே யூனிவர்ஸிடி காலேஜைச் சேர்ந்த நிபுணர்களும் வைத்தியர்களும், பந்தயக் கார்களுக்கு எஞ்சின் செய்யும் மெர்ஸிடிஸ் கம்பெனியாரும் ஒன்று கூடினர். காப்புரிமைக் காலம் கடந்த ஒரு பழைய சிபாப் கருவியைப் பிரித்துப் பார்த்து, 100 மணி நேரத்துக்குள் முதற்கருவியைச் செய்து முடித்தனர். பிறகு 10,000 கருவிகள் உற்பத்தியாயின. வரைபடங்களை விலையின்றி வெளியிட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட தேசத்தார் அவற்றைப் பெற்றுக்கொண்டனர்.

இதனால் பலன் உண்டாயிற்றா என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் நடந்த ரெகவரி-ஆர்.எஸ். என்னும் பரிசோதனையின் முடிவு 2022 ஜனவரியில் வெளியாயிற்று. சாதாரண முறையில் பிராணவாயு பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேர், 30 நாட்களுக்குள், தொண்டைக் குழாய் செலுத்தப்பெற்றனர் அல்லது மாண்டனர். சிபாப் பெற்றவர்களில் அத்தொகை 36. இந்த வித்தியாசம் முக்கியமாகக் குழாய் செலுத்தும் தேவை குறைந்ததனால் வந்தது. மரணம் குறைந்ததென்று பரிசோதனை நிலைநாட்டவில்லை. எனினும் வென்டிலேட்டருக்குப் பஞ்சம் நேர்ந்த காலத்தில் அத்தேவை குறைவதே பெரிய லாபமன்றோ?

இனி நமது தேசத்தின் நிலைமையைப் பார்ப்போம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இங்கே யந்திரத்துக்கு மட்டுமல்ல, பிராணவாயுவுக்கே பஞ்சம் வந்தது. லண்டனிற் செய்த முதற்கருவியோ பிராணவாயுவை மிகுதியாகக் குடிப்பது. அதைத் திருத்திச் செய்த இரண்டாம் கருவி அச்செலவை நூற்றுக்கு 70 வரையில் குறைத்தது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. ரோபர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தோர் மின்சாரம் வேண்டாத ‘ஜீவன் வாயு’ என்ற சிபாப் கருவியை 2021-ல் அமைத்தனர். மின்சாரம் நின்றுபோகும் இடத்துக்கு ஒன்று உகந்தது. பிராணவாயு குறைந்த இடத்துக்கு மற்றொன்று உகந்தது. எங்கே எது வேண்டுமென்பதைப் பிறர் வந்து நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

காப்புரிமையே தடை என்று சிலர் கூறுவர். நமது 1970-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவு, தேசிய நெருக்கடியில் கட்டாய உரிமம் வழங்க வழி வைத்திருக்கிறது. ஆனால் உரிமம் கிடைத்த மாத்திரத்தில் யந்திரம் பிறந்துவிடாது. லண்டன் கருவிக்குக் காப்புரிமைத் தடை இல்லை; ஆயினும் பிரித்துப் பார்க்கவும், அளந்து செய்யவும், சோதிக்கவும் தேர்ந்த கைகள் வேண்டியிருந்தன. அக்கைகளை நெருக்கடி வந்த பிறகு தேடினால் கிடைக்குமா?

ஆகவே சர்க்காருக்கு நாம் சொல்வது இது. ஒவ்வொரு ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும் எத்தனை பைபாப் யந்திரங்கள் உள்ளன, எவை பழுதாயின என்பதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். வடிகட்டிகளும் துவாரமற்ற முகமூடிகளும் கையிருப்பில் வேண்டும். திருத்தும் முறையைத் தெளிவான தமிழில் எழுதி, தாதிகளையும் யந்திரத் தொழிலாளரையும் அதிற் பழக்க வேண்டும். சோதித்த வரைபடங்கள் நமது எஞ்சினீயரிங் கல்லூரிகளில் தயாராக இருத்தல் வேண்டும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. இது வைத்தியர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய காரியம். தொற்றுநோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு, வாடகை யந்திரத்தைத் தாமே திருத்தி மாட்டுவது, நோயாளியின் உயிரோடு வீட்டாரின் உயிரையும் பணயம் வைப்பதாகும். அங்கீகாரம் பெற்ற யந்திரங்களிலும் குறை நேர்வதுண்டு. ஒலியை அடக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைவதால், பிலிப்ஸ் கம்பெனியார் லக்ஷக்கணக்கான யந்திரங்களை 2021-ல் திரும்பப் பெற நேர்ந்தது.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த நீதி. 2021-ல் பிராணவாயுவுக்காக ஆஸ்பத்திரி வாயில்களிற் காத்து நின்ற குடும்பங்கள் அவ்வெள்ளத்தை நேரிற் கண்டவை. அடுத்த முறையும் அவர்களை அவ்வாறே நிற்க வைப்பதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.