யார் வாயில் அந்தப் பாட்டு?

2003ஆம் ஆண்டு ‘சேக்ரெட் லவ்’ என்ற ஆல்பம் வந்தது. அதற்குப் பிறகு, தானே எழுதிய புதுப் பாட்டுகளைக் கொண்ட ஆல்பம் ஒன்றை ஆங்கிலேயப் பாடகர் ஸ்டிங் கொடுக்க 2013 வரை ஆனது. நடுவில் அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. நானூறு ஆண்டுக்கு முந்தைய ஜான் டௌலண்டின் பாட்டுகளை லூட் என்ற நரம்பு வாத்தியத்தோடு பாடி 2006இல் ஒரு ஆல்பம் போட்டார். தன் பழைய ‘தி போலீஸ்’ குழுவோடு சேர்ந்து 2007, 2008 ஆண்டுகளில் உலகம் சுற்றிப் பாடினார். குளிர்காலப் பாட்டுகளைத் தொகுத்து 2009இல் ஒன்று, தன் பழைய பாட்டுகளையே பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடி 2010இல் இன்னொன்று. குரல் இருந்தது, கூட்டம் இருந்தது, காசும் இருந்தது. எழுத்து மட்டும் வரவில்லை.

‘பல்லவி விழவில்லை’ என்பார்கள் பாட்டெழுதுகிறவர்கள். இரண்டு வரிதான். அது விழுந்துவிட்டால் சரணம் எப்படியாவது வந்து சேரும். விழாவிட்டால் வாரக்கணக்கில் உட்கார்ந்தாலும் தாள் வெறுமையாகவே கிடக்கும். இதற்குத் தனிமை, பயணம், கடற்கரைக் காற்று, நல்ல காபி என்று ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள். நான் நம்புவது ஒன்றைத்தான். பாட்டு வராமல் போவதற்குச் சொல் பஞ்சம் காரணமாக இருப்பது அபூர்வம். அந்தப் பாட்டை யார் பாடுகிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்பது முடிவாகாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஸ்டிங் மீண்டு வந்த கதை அதைத்தான் காட்டுகிறது. நம் பாட்டு மரபோ அதை இரண்டாயிரம் ஆண்டாகச் செய்து வருகிறது.

ஸ்டிங் பிறந்தது 1951இல். ஊர், இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் நதிக்கரையில் இருக்கும் வால்சென்ட். அப்பா பால்காரர். தெருக்கோடியில் கப்பல் கட்டும் தளம். ‘ஸ்வான் ஹன்டர்’ நிறுவனத்தின் அந்தத் தளத்தில்தான் ‘மாரிடேனியா’ என்ற மாபெரும் கப்பல் 1906இல் நீரில் இறங்கியது. டைட்டானிக் மூழ்கியபோது உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்ட ‘கார்பேத்தியா’வைக் கட்டியதும் அதே நிறுவனம்தான். வீட்டுக் கூரைகளுக்கு மேலே கப்பல் எழுந்து நின்று வெயிலை மறைக்கும். காலையில் தொழிலாளிகள் சாரிசாரியாக அந்தத் தெரு வழியே வேலைக்குப் போவார்கள். நாமும் இதற்குள்தான் போய் முடிவோமோ என்பதுதான் அந்தச் சிறுவனின் பயம். ஒரு கப்பலை நீரில் இறக்கும் விழாவுக்குக் காரில் வந்த ராஜமாதா, தெருவில் கொடியோடு நின்ற தன்னைப் பார்த்துக் கையசைத்ததையும், இந்த ஊரை விட்டுப் போயே தீருவது என்ற எண்ணம் அப்போது மனதில் விழுந்ததையும் 2014 டெட் உரையில் அவரே சொல்லியிருக்கிறார். போனார். உலகப் புகழ் பெற்றார்.

எழுத்து நின்றுபோன பிறகு அவர் மனம் திரும்பிப் போனது அதே ஊருக்குத்தான். செய்த காரியம் மிக எளியது. தான் அறிந்த ஆட்களின் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதினார். தளத்து மேஸ்திரி, தொழிலாளி, பாதிரியார் என்று அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தான் யார், தன் வேலை என்ன, எதற்கு அஞ்சுகிறேன், எதற்கு ஆசைப்படுகிறேன் என்று பேச ஆரம்பித்தார்கள். பாட்டுகள் மடமடவென்று வந்தன. அவைதான் 2013இல் ‘தி லாஸ்ட் ஷிப்’ ஆல்பமாகவும், 2014இல் அதே பெயரில் இசை நாடகமாகவும் ஆயின. சிகாகோவில் தொடங்கி பிராட்வேக்கு வந்த நாடகம் வசூல் போதாமல் 2015 ஜனவரியில் நின்றது. கடைசி வாரங்களில் ஸ்டிங்கே மேடையேறி நடித்தும் தாங்கவில்லை. பிறகு திருத்தி அமைத்து, 2018இல் டைன் கரையிலேயே, நியூகாசிலில் மேடையேற்றினார்கள். பிராட்வேயில் ஓடவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்தாண்டாக அடைத்துக் கிடந்தது திறந்ததே, அதுதான் பெரிது.

இது அவருக்கு முதல் முறையும் அல்ல. 1980களின் பின்பாதியில் தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தபோதும் எழுத முடியாமல் கிடந்தார். அதிலிருந்து மீண்டு 1991இல் கொடுத்த ‘தி சோல் கேஜஸ்’ ஆல்பத்திலும் கப்பல் தளம் வருகிறது, கடல் வருகிறது, தந்தையை இழந்த ஒரு மகன் வருகிறான். சொந்தத் துக்கம்தான். ஆனால் அதைப் பேசுகிறவனுக்கு வேறு பெயர் வைத்த பிறகே அது பாட்டானது.

‘நான் என்ன சொல்ல வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மனசு கூசுகிறது. சொன்னதையே சொல்கிறோமோ, கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தடை விழுகிறது. ‘இந்த மேஸ்திரி இப்போது என்ன சொல்வார்?’ என்று கேட்டுப் பாருங்கள். கூச்சத்துக்கு வேலையே இல்லை. அவர் பேசுவதைக் கேட்டு எழுதினால் போதும்.

நம் அகப்பாட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பாடுகிறவர் புலவர் அல்லர். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என்று பேசுகிறவர் எப்போதும் இன்னொருவர். அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. யார் பேசுவது, யாரிடம், எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் என்பதெல்லாம் எழுதத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். அவரவர் சொந்தக் காதலை அவரவர் பெயரில்தான் எழுத வேண்டும் என்றிருந்தால், பாதிப் பாட்டு நாணத்திலேயே நின்றுபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எழுத்தறியாத நம் பாட்டிமார்களும் இதே வழியில்தான் போனார்கள். தொட்டிலை ஆட்டியபடி மாமன், அத்தை, பாட்டன் என்று ஒவ்வோர் உறவாகக் கூப்பிட்டால் தாலாட்டு தானாக நீளும். ஒப்பாரி வைக்கிறவர் இறந்தவருக்குத் தான் மகளா, மனைவியா, தங்கையா என்ற நிலையில் நின்றுகொண்டு, அவர் கட்டிய வீட்டையும் வெட்டிய கிணற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்வார். அழுகைக்கு நடுவிலும் சொல் நிற்பதில்லை.

சினிமாப் பாட்டு இந்த வழக்கத்தை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டது. டைரக்டர் சிச்சுவேஷன் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் அதற்குள் சொல்லை உட்கார வைப்பார். அன்றைக்கு ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தது. இன்று மெட்டு வாட்ஸ்ஆப்பில் வருகிறது. ‘மெட்டுக்கு எழுதுவது கையைக் கட்டிப்போடுகிறது’ என்று குறைசொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கும் போகலாம் என்று விட்டால் எங்கும் போகாத மனசு, இங்கேதான் போக வேண்டும் என்றால் கிளம்பிவிடுகிறது.

ஒரு சின்ன உதாரணம். மெட்டு ‘தந்தனத்தா தானானே’ என்று போகிறது. சிச்சுவேஷன்: மகன் வேலைக்காக வெளிநாடு போகிறான், ஊரிலிருந்து வழியனுப்ப வந்த அம்மா விமான நிலைய வாசலில் நிற்கிறாள். முதலில் ‘கத்தரிக்கா கூட்டாச்சே’ என்று வாய்க்கு வந்ததைப் போட்டுக்கொள்ளலாம். டம்மி வரி. அர்த்தம் வேண்டாம், அளவு உட்கார்ந்தால் சரி. இப்போது நிஜ வரிக்கு வருவோம். அவசரப்பட்டால் ‘நெஞ்சமெல்லாம் தீயாச்சே’ என்று விழும். மெட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அது அம்மா பேசுவது அல்ல, பாட்டெழுதுகிறவர் பேசுவது. ‘சொல்லிவிட்டுப் போவாயோ’ என்று மாற்றினால் அம்மாவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, ஆனால் பாடகர் திணறுவார். மெட்டில் ‘தா’ என்று நீட்ட வேண்டிய இடத்தில் ‘டுப்’ என்று வாய் மூடிக்கொள்கிறது. அங்கே நெடில் வேண்டும். சரி, அந்த அம்மாவையே பாருங்கள். துக்கத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள், லீவு எப்போது கிடைக்கும் என்று கேட்பாள். ‘எப்பவய்யா நீ வாறே?’ அளவு உட்கார்ந்துவிட்டது, நீட்ட வேண்டிய இடத்தில் ‘யா’ வந்துவிட்டது. இன்னும் கிளம்பாத மகனிடம் திரும்பி வரும் நாளைக் கேட்கிறாள். பல்லவிக்கு இது போதும்.

டம்மி வரியை மட்டமாக நினைக்க வேண்டாம். பாடகர் பால் மெக்கார்ட்னிக்கு ‘எஸ்டர்டே’ பாட்டின் மெட்டு கனவில் கிடைத்தது. எங்கோ கேட்ட மெட்டோ என்ற சந்தேகத்தில் பலரிடமும் பாடிக் காட்டி விசாரித்தார். சொல் கிடைக்கவில்லை. முட்டைப் பொடிமாஸைத்தான் ‘ஸ்கிராம்பிள்டு எக்ஸ்’ என்று அந்த மெட்டில் வைத்துப் பாடிக்கொண்டு திரிந்தார். கடைசியில் 1965 மே மாதம் போர்ச்சுகலில் ஒரு நீண்ட கார்ப் பயணத்தில் சொற்கள் வந்தன. ஜூன் 14ஆம் தேதி லண்டனில் பதிவு செய்துவிட்டார்கள். உலகிலேயே மிக அதிகமான பாடகர்கள் திரும்பத் திரும்பப் பாடிய பாட்டுகளில் ஒன்று, பல மாதம் முட்டைப் பொடிமாஸாகத்தான் இருந்தது. நல்ல சொல் வரும்வரை மெட்டு மறந்துபோகாமல் அந்த டம்மி வரி காத்துக்கொண்டது.

கண்ணதாசனுக்கு இந்தக் கட்டுகள் விளையாட்டுப் போல. அவர் சொல்லச் சொல்ல, பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர்கள் எழுதிக்கொள்வார்கள். 1975இல் வந்த ‘அவன்தான் மனிதன்’ படத்தில் வரிக்கு வரி ‘மே’ என்று முடியும் பாட்டு ஒன்று உண்டு. மே மாதம் படப்பிடிப்பு, மே மாதம் படப்பிடிப்பு என்று எம்.எஸ்.விஸ்வநாதன் அவசரப்படுத்தியதால் அப்படி எழுதினார் என்ற கதை பிரபலம். கதை எப்படியோ, பாட்டு நம் முன்னால் இருக்கிறது. ஓர் எழுத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டு அதிலேயே காதலையும் தமிழையும் கொண்டுவந்துவிட்டார்.

அதே கண்ணதாசன் 1962இல் ஸ்ரீதரின் ‘சுமைதாங்கி’ படத்துக்காக, மனம் கலங்கி நிற்கும் ஓர் இளைஞனுக்கு ஆறுதல் சொல்லும் பாட்டை எழுதினார். வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே போய்விட முடிவெடுத்திருந்த வாலிக்கு அந்தப் பாட்டை பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிக் காட்டினார். வாலி போகவில்லை. இதைப் பல மேடைகளில் வாலியே நெகிழ்ந்து சொன்னதுண்டு. கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்காக எழுதிய வரிகள், அதே ஊரில் வாடகை அறையில் இருந்த இன்னொரு கவிஞரின் வாழ்க்கையைத் திருப்பின. பாத்திரத்துக்கு எழுதினால் உண்மை குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எல்லாத் தாமதமும் அடைப்பு அல்ல. பாடகர் லெனார்டு கோஹன் ‘ஹாலலூயா’ என்ற பாட்டுக்கு ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டார். சரணம் சரணமாக எழுதித் தள்ளினார். நியூயார்க் ஓட்டல் அறையில் தரையில் உட்கார்ந்து தலையை மோதிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1984இல் அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட கொலம்பியா நிறுவனம் மறுத்தது வேறு. அவருக்குச் சொல் வற்றவில்லை, பெருகியது. அவர் படாத பாடுபட்டது எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதில்.

எழுதிய பாட்டுக்குச் சம்பளம் வராமல், தூக்கம் கெட்டு, மனம் நொந்து எழுத்து நின்றுபோனவர்களுக்கு இந்த உத்தி எதுவும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், நியாயமான பணமும், தேவைப்பட்டால் மருத்துவரும். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று சொல்கிறது. எழுதுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துக்கொள்வது நல்லது.

இன்று சொந்தமாக எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி யூடியூபில் ஏற்றும் இளைஞர்களைப் பார்க்க எனக்கு மிகவும் மகிழ்ச்சி. அவர்களுக்கு டைரக்டர் இல்லை, சிச்சுவேஷன் சொல்ல ஆள் இல்லை. அதனால் முதல் சில பாட்டுகளிலேயே சொந்தக் காதலும் சொந்தச் சோகமும் தீர்ந்துபோய்விடுகின்றன. தம்பி தங்கைகளே, பல்லவி விழாத நாளில் உங்கள் தெரு ஆட்களின் பெயர்களை எழுதுங்கள். இஸ்திரி போடுகிறவர், ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் நர்ஸ் அக்கா, மகள் வீட்டுக்குப் போகத் தயங்கும் தாத்தா என்று யாராவது ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் யாரிடம் பேசுகிறார் என்று முடிவு செய்யுங்கள். கத்தரிக்காயோ முட்டையோ, ஏதாவது ஒரு டம்மி வரியை மெட்டில் போட்டுவிட்டு, அவர் பேசும்வரை கேளுங்கள். எழுதி முடித்ததும் அவரிடமே போய்ப் பாடிக் காட்டுங்கள். ‘நான் இப்படிப் பேச மாட்டேனே’ என்று அவர் சொன்னால், எப்படிப் பேசுவார் என்று கேட்டு, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.