கலர் டேப் ஒட்டினால் சுளுக்கு சரியாகுமா?



சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டைப் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "எம்புள்ள பள்ளிக்கூடத்துல கபடி வெளாடுறா. முட்டியில நீலக் கலர்ல ஏதோ டேப்ப ஒட்டிக்கிட்டு வர்றா. அத ஒட்டினா ஜவ்வு வலி போயிருமாமே, நெசமா?" என்று ஒரு அக்கா கேட்பார். உடனே பக்கத்தில் இருப்பவர், "அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கி இடுப்புல ஒட்டுங்க" என்பார். எல்லோரும் சிரிப்போம். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. காசு கொடுத்து வாங்குகிற பொருள், புள்ளையின் காலில் ஒட்டுகிற பொருள். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது என்ன டேப்?

இது பருத்தித் துணியில் இழுபடும் நூல் சேர்த்துச் செய்த பட்டை. ஒரு பக்கம் பசை இருக்கும். இழுத்தால் ரப்பர் போல நீளும், விட்டால் சுருங்கும். பெரும்பாலும் 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம் உள்ள ரோலாக விற்கிறார்கள். விலை சில நூறு ரூபாய், கடைக்குக் கடை மாறும். நீலம், கறுப்பு, ரோஸ் என்று பல கலரில் வருகிறது. கலருக்குத் தனி மருத்துவ குணம் எதுவும் கிடையாது.

ஜப்பான் நாட்டில் மூட்டு, முதுகெலும்புச் சிகிச்சை செய்துவந்த கென்சோ காசே என்பவர் 1970களில் இதை உருவாக்கினார். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கடற்கரை வாலிபால் வீராங்கனை கெரி வால்ஷ் தோளில் கறுப்பு டேப்போடு ஆடித் தங்கம் வாங்கினார். அதை உலகமே டிவியில் பார்த்தது. அதன் பிறகுதான் எல்லா விளையாட்டிலும் இது பரவியது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு புதிதல்ல. பெரிய ஆட்டக்காரர்கள் ஒட்டுவதைப் பார்த்து இவர்களும் ஒட்டுகிறார்கள்.

மூன்று வகைக் கட்டுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரியில் சுற்றிவிடுகிற கிரேப் பேண்டேஜ் வீக்கத்தை அமுக்கிப் பிடிக்கும். விளையாட்டு வீரர்கள் கணுக்காலில் சுற்றுகிற இழுபடாத வெள்ளை டேப், மூட்டைப் பக்கவாட்டில் பிரளவிடாமல் பிடிக்கும். ஏற்கெனவே ஒருமுறை கால் பிரண்டவர்களுக்கு இந்த வெள்ளை டேப்போ, கணுக்கால் உறையோ மறுபடி பிரளுவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாம் பேசுகிற கலர் டேப் இழுபடும். அதனால் மூட்டை அந்த அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது.

வலி குறைவது எப்படி?

முழங்கை சுவரில் இடித்துவிட்டால் நாம் உடனே என்ன செய்கிறோம்? கையால் பரபரவென்று தேய்த்துவிடுகிறோம். கொஞ்சம் சுகமாக இருக்கிறது. தொடு உணர்ச்சி மூளைக்குப் போய், வலி உணர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. டேப் தோலை இழுத்துப் பிடித்திருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது என்று கருதுகிறார்கள். "இங்க ஒரு பிடிமானம் இருக்கு" என்ற தைரியமும் கிடைக்கிறது.

டேப் தோலைத் தூக்கிப் பிடிக்கும், அடியில் ரத்த ஓட்டம் கூடும், சீக்கிரம் ஆறும் என்று விளம்பரம் செய்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. 2014இல் வெளிவந்த ஒரு பிரேசில் ஆய்வைச் சொல்கிறேன். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 148 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படி இழுத்து ஒட்டினார்கள். இன்னொரு பிரிவுக்கு இழுக்காமல் சும்மா ஒட்டினார்கள். 4 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரிதான் பலன். இடுப்பில் ஒட்டிவிடச் சொன்ன அக்காவுக்கு இதுதான் பதில்.

ஆகவே சகோதரிகளே, டேப் கொஞ்ச நேரம் வலியை அடக்கலாம். கிழிந்த ஜவ்வை ஒட்டவைக்காது. விரிசல் விட்ட எலும்பைச் சேர்க்காது.

வலி அடங்கினால் காயம் ஆறிவிட்டதா?

பேட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்துவை உங்களுக்குத் தெரியும். 2022 ஆகஸ்ட் 8ஆம் தேதி பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இடது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இறுதி ஆட்டம் ஆடித் தங்கம் வென்றார். நாடே கொண்டாடியது. சில நாளில் பரிசோதனை செய்தபோது அந்தக் காலில் எலும்பு விரிசல் இருப்பது தெரிந்தது. அதே மாதம் நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்குப் போக முடியவில்லை. ஏறக்குறைய 5 மாதம் கழித்து, 2023 ஜனவரியில்தான் மறுபடி களத்துக்கு வந்தார்.

சிந்துவுக்குப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், டாக்டர் என்று ஒரு கூட்டமே பின்னால் நின்றது. உடனே கண்டுபிடித்து ஓய்வு கொடுத்தார்கள். நம் ஊர்ப் பொட்டலில் ஆடுகிற புள்ளைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? நாம்தான் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. பையன் விழுந்து வந்தால் "பாத்து வெளாடுடா" என்கிறோம். பெண் பிள்ளை விழுந்து வந்தால் "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், நாளையிலேருந்து வெளாடப் போக வேணாம்" என்கிறோம். அதற்குப் பயந்து பல பிள்ளைகள் வலியை வீட்டில் சொல்வதே இல்லை. தோழியிடம் டேப் வாங்கி ஒட்டி, மேலே சாக்ஸை இழுத்துவிட்டு ஆடப் போய்விடுகிறார்கள். சின்னச் சுளுக்காக இருந்தது பெரிய கிழிசலாகிறது. அப்புறம் உண்மையிலேயே ஆட்டம் நின்றுபோகிறது.

சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். எளிய குடும்பத்துப் பிள்ளைதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் வேலையும் கிடைக்கிற காலம் இது. ஒரு கணுக்காலைச் சரியாகக் கவனிக்காததால் அந்த வாய்ப்பு நம் வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடக் கூடாது.

கால் பிரண்டதும் என்ன செய்ய வேண்டும்?

1. ஆட்டத்தை அப்போதே நிறுத்த வேண்டும். "ஒரே ஒரு ரவுண்டு" என்று ஆட விடக் கூடாது.
2. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கவும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். ஐஸ் இல்லையென்றால் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும்.
3. கிரேப் பேண்டேஜ் சுற்றலாம். விரல் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்தவும்.
4. படுக்கவைத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கவும்.
5. முதல் 2 நாள் சூடு ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுப்பது எதுவும் வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவு கூடும். எலும்பு விரிசல் இருந்தால் விலகிவிடும்.

எக்ஸ்ரே எப்போது தேவை?

கனடா நாட்டின் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992இல் ஒரு எளிய சோதனை முறையை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

* நொண்டியாவது நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை.
* கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியில், அல்லது அதன் பின் விளிம்பில் நாலு விரல் உயரம் வரை, அழுத்தினால் வலி.
* பாதத்தின் வெளி விளிம்பில், சுண்டுவிரலுக்கு நேரே நடுவில் துருத்தி இருக்கும் எலும்பை அழுத்தினால் வலி.
* பாதத்தின் உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பை அழுத்தினால் வலி.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில்தான் வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. அதில் அடிபட்டால் அலட்சியம் கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

முழங்காலுக்குத் தனியாகச் சொல்கிறேன். கபடியில் திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ "டப்"பென்று உள்ளே சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், உள் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் காயம் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருகிறது. இதை டேப் ஒட்டிச் சமாளிக்க முடியாது. எலும்பு மூட்டு டாக்டரிடம்தான் போக வேண்டும். போகும்போது அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் சென்று, சிகிச்சை அதில் சேருமா என்று கேளுங்கள்.

டேப் ஒட்டுவதாக இருந்தால்

டாக்டரோ இயன்முறை மருத்துவரோ பார்த்து, ஒட்டலாம் என்று சொன்னால் தாராளமாக ஒட்டுங்கள். முதல் தடவை அவர்களையே ஒட்டச் சொல்லி, பக்கத்தில் இருந்து பழகிக்கொள்ளுங்கள். தொடை, தோள், இடுப்பு போன்ற இடங்களில் ஒட்டும்போது பெண் ஊழியரோ தாயோ உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கூச்சப்பட வேண்டாம்.

* முதலில் ஒரு சின்னத் துண்டை ஒட்டி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, கொப்புளம் வந்தால் இந்த டேப் அந்தத் தோலுக்கு ஆகாது.
* தோல் சுத்தமாக, ஈரம் இல்லாமல், எண்ணெய் இல்லாமல் இருக்க வேண்டும்.
* டேப்பின் முனைகளை வட்டமாக வெட்டினால் சீக்கிரம் உரியாது.
* இரண்டு முனையிலும் இரண்டு விரல் அகலத்துக்கு இழுக்காமல் ஒட்டவும். நடுவில் மட்டும் லேசாக இழுக்கலாம். இறுக்கி இழுத்தால் தோல் புண்ணாகும்.
* ஒட்டியதும் உள்ளங்கையால் தேய்த்துவிடவும். சூட்டில்தான் பசை பிடிக்கும்.
* 3 முதல் 5 நாள் வரை இருக்கலாம். குளிக்கலாம். அரித்தால் அன்றே எடுத்துவிடவும்.
* எடுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவி, முடி வளரும் பக்கமாக மெதுவாக உரிக்கவும்.
* புண், கொப்புளம், சீழ் உள்ள இடத்தில் ஒட்டக் கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது. ஒரு கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கியிருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசில்லாத மருந்து

லேசான சுளுக்குக்கு ஒன்று முதல் மூன்று வாரம், பெரிய சுளுக்குக்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். வலி குறைந்ததும் தினமும் ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்கப் பழக வேண்டும். வலி இல்லாமல் நடக்க வேண்டும், பிறகு ஒற்றைக் காலில் குதிக்க வேண்டும், பிறகு ஓடித் திரும்ப வேண்டும். இவ்வளவும் டேப் இல்லாமல் செய்ய முடிந்த பிறகுதான் கபடி.

காயம் வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. நார்வே நாட்டில் கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு, ஆட்டத்துக்கு முன்னால் சுமார் 20 நிமிடம் ஓட்டம், உட்கார்ந்து எழுதல், குதித்துச் சரியாக இறங்குதல், ஒற்றைக் கால் நிலை என்று முறையான பயிற்சி கொடுத்தார்கள். மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2008இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் சகோதரிகளின் மூட்டு வலி, இடுப்பு வலிக்கும் உடற்பயிற்சிதான் முதல் மருந்து. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதையும் சேர்த்தார்கள். அதில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களாக வேலை பார்த்தவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாளில் இயன்முறை மருத்துவர் வருகிறார் என்று கேட்டுக் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

ஊக்குநர் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டிய பிறகு கீழே உள்ளவற்றைப் பேசலாம்.

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்? அடிபட்டால் வீட்டில் சொல்கிறார்களா?
2. கிரேப் பேண்டேஜ் இரண்டு வாங்கிக் குழுவில் பொதுவாக வைக்கலாமா?
3. பள்ளிக்குப் போய், ஆட்டத்துக்கு முன்னால் 20 நிமிடப் பயிற்சி நடக்கிறதா என்று கேட்க யார் இருவர் போவது?

இன்று சாயந்திரம் புள்ள வெளாடிவிட்டு வந்ததும், "எங்கத்தா வலிக்குது?" என்று கேளுங்கள். ஆட்டத்தை நிறுத்திவிடுவோம் என்ற பயம் இல்லாவிட்டால் அவளே காட்டுவாள்.