இடுக்கண் அழியாமையும் தோட்ட நிர்வாகமும்

திருக்குறளில் 63ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. துன்பம் வந்தவிடத்து மனங்கலங்காமை யாவர்க்கும் வேண்டுவதே. எனினும் அவ்வதிகாரம் அறத்துப்பாலில் இல்லை; பொருட்பாலில், அரசியல் என வகுக்கப்பெற்ற 25 அதிகாரங்களின் இறுதியில் நிற்கிறது. பிறரைக் கொண்டு வினை நடத்துவோனுக்கு அது தனிப்பட வேண்டும் என்பது கருத்தெனலாம். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்ட வரலாறு இதனை நன்கு விளக்கும்.

தோட்டத்தில் மேலே துரை; கீழே பால்வெட்டுத் தொழிலாளர்; இடையே கிராணியும் கங்காணியும். விடியுமுன் பெரட்டு எடுத்து ஆட்களை வேலைக்கு அனுப்புவது இடைநின்றோர் கடமை. காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்கு வடியும். மழை பெய்தாலோ மங்கில் சேர்ந்த பால் வீணாகும். மழையும் சந்தை விலையும் அவர் கையில் இல்லை. ஆயினும் பால் குறைந்தால் மேலிடத்துக்கு விடை கூற வேண்டியவர் அவரே.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நிர்வாகப் பொறுப்பிலிருந்த மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டிலிருந்தோர்க்கு உணவு சேராதவாறு அரசு கடுங்கட்டுப்பாடு விதித்தது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். உணவு எடுத்துச் செல்லவும் தடையிருந்தது. அரசாணை ஒருபுறம், தொழிலாளியின் பசி ஒருபுறம், உயிரச்சம் ஒருபுறம். நடுவே நின்றவர் நிலையை எண்ணிப் பாருங்கள். கல்நெஞ்சம் அங்கே உதவாது. அது வெறுப்பை வளர்க்கும், வெறுப்போ சுமையைப் பெருக்கும்.

பின் எது உதவும்? அரசியலின் முந்திய அதிகாரங்களிலேயே விடை உண்டு. தன் ஆற்றலின் எல்லையை உணர்தல் வலியறிதல் (48). மழைக்கு வருந்தாமல், மழைநாள் வேலையை முன்னரே வகுத்து வைப்பவன் எளிதில் தளரான். ஏற்றவரிடம் பணியை ஒப்படைத்தல் தெரிந்து வினையாடல் (52). எல்லாக் கணக்கையும் தானே சுமக்கும் நிர்வாகி முதலில் உறக்கத்தை இழப்பான். பின்னர்ப் பொறுமையை இழப்பான். தவறு கண்டால் தயங்காது சொல்லும் மூத்தோரை உடன்கொள்ளுதல் பெரியாரைத் துணைக்கோடல் (45). மனச்சுமையை இறக்கிவைக்கவும் ஓரிடம் வேண்டுமன்றோ? இம்மூன்றும் வாய்த்தார்க்கே கலங்காமை கைகூடும்.

உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்கப்பட்ட தன் நோய்ப்பகுப்பில், பணிச்சோர்வை நோயாகக் கொள்ளவில்லை. நெடுநாள் சீர்செய்யப்படாத பணியழுத்தத்தின் விளைவாகவே குறித்தது. ஆகவே தளர்ந்தவனைக் குறைகூறுமுன் அவன் வேலையின் ஒழுங்கை நோக்குதல் முறையாகும்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்தோரின் வழிவந்தவர் பலர் ஈப்போ நகரத்து அலுவலகங்களிலும் ஆலைகளிலும் மேற்பார்வை செய்கின்றனர். இடைநிற்போர் துன்பம் அங்கும் உண்டு. இவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்பதோடு நில்லாது, சுமையைப் பகிர்ந்துகொள் என்பதையும் சேர்த்துரைத்தல் நலம்.