ஊசி போட்ட காலோடு ஷிப்டுக்குப் போகாதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கும் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், பவர் டேபிளில் குனிந்தே உட்கார்ந்திருக்கும் டெய்லர்கள் என்று பலருக்கும் முழங்காலோ தோளோ பிடித்துக்கொள்கிறது. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் ஒரு ஊசி, திங்கட்கிழமை மறுபடி ஒன்றரை ஷிப்ட். வலி திரும்பினால் இன்னொரு ஊசி. இதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. ஊசி வாங்கித் தரும் சில வாரங்களை ஓய்வுக்கும் பயிற்சிக்கும் கொடுக்காமல், மூட்டைக் கெடுத்த அதே வேலைக்கே கொடுத்துவிடுகிறோம். அந்த ஓய்வுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தர இ.எஸ்.ஐ. இருக்கிறது. அதற்கு மாதாமாதம் பிடித்தமும் ஆகிறது. ஆனாலும் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

மூட்டுக்குள் போடும் ஊசியை நான் குறை சொல்லவில்லை. டிரையாம்சினலோன், மெத்தில்பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை எலும்பு மருத்துவர் சுத்தமான முறையில் மூட்டுக்குள் செலுத்தினால் வீக்கம் வடியும், வலி குறையும், கால் மடங்கும். ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் சில வாரங்கள்தான். தேய்ந்த ஜவ்வு அதனால் வளராது. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை டிரையாம்சினலோனும், மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத்தான் ஜவ்வு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் அதுவும் உப்புநீரைவிட மேலாக வேலை செய்யவில்லை. கடன் வாங்கி அதைப் போட்டுக்கொள்ளும் முன் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

இன்னும் ஆபத்தானது, மூட்டுவலிக்கு என்று கையிலோ இடுப்பிலோ போடும் பெயர் தெரியாத ஊசி. அதில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டும் வலி மருந்தும்தான். மூட்டுக்குள் போட்டால் பெருமளவு அங்கேயே தங்கும் மருந்து, இப்படிப் போட்டால் உடம்பெல்லாம் பரவுகிறது. அடிக்கடி போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், முகம் வீங்கும். வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும். பட்டம் இல்லாதவர் வைத்தியம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன்படி ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும் குற்றம். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அந்த அலுவலகம் செய்தி வந்தபிறகு சோதனைக்குக் கிளம்பாமல், புகார் வராத நாளிலும் கிளம்ப வேண்டும்.

எந்த ஊசியானாலும் போடுவதற்கு முன் மருந்தின் பெயர், அளவு, எந்த மூட்டு, தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 'கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார்' என்பார்கள். உங்கள் உடம்புக்குள் போகும் மருந்தின் பெயரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதித் தர மறுக்கிற இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாமல் எழுந்து வாருங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அடுத்த மருத்துவருக்கு எத்தனை ஊசி போனது என்று தெரியாது. ஒரே மூட்டில் மூன்று மாதத்துக்குள் மறுபடி ஸ்டீராய்டு போடுவதைப் பொதுவாக மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்தில் போட்டிருந்தால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்புக் கூடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள்கள் சர்க்கரை எகிறும். அதை முன்கூட்டியே சொல்லுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். ஊசி போட்ட மூட்டு சூடாகி, சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றைக்கே என்றால் ஷிப்ட் முடிந்தபிறகு அல்ல. சீழ் பிடித்த மூட்டு சில நாள்களில் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

இனி இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்குப் பிடித்தம் 0.75 சதவீதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம். 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு உங்களிடம் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. அதற்கு மருத்துவம் மட்டும் கிடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நோய்க்கால உதவித்தொகையும் உண்டு: சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. 500 ரூபாய் கூலிக்காரருக்கு நாளுக்கு 350 ரூபாய். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் சந்தா கட்டியிருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உரிமை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஊசி போட்டுக்கொண்ட அன்றே உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் சீட்டோடு போய், ஓய்வு தேவை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தனியார் டாக்டர் சீட்டை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிட்டு, பிறகு போய்ப் பணம் கேட்டால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். சான்றிதழோடு கிளை அலுவலகத்தில் உரிமை கோர வேண்டும், பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் இன்னொரு பெயர், இ.எஸ்.ஐ. பதிவில் மூன்றாவது பெயர் என்று இருந்தால் பணம் நிற்கும். நோய் வருவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். கால் வலிக்கிறவரை ஓர் எழுத்துப் பிழைக்காக நாலு முறை நடக்கவைக்கும் கவுன்ட்டர்களுக்கு என்ன சொல்வது?

'இ.எஸ்.ஐ.யில் கூட்டம், ஒருநாள் கூலி போய்விடும்' என்பது நியாயமான குறைதான். ஆனால் மூட்டு முழுதாகக் கெட்டால் போவது ஒருநாள் கூலி அல்ல. எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் மருந்தகத்தில் பரிந்துரைச் சீட்டு வாங்கி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். கோவை சிங்காநல்லூரில் மருத்துவக் கல்லூரியோடு கூடிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 'காண்ட்ராக்டில் வேலை, இ.எஸ்.ஐ. இல்லை' என்பது இன்னொரு பதில். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குச் சட்டம் பொருந்தும். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளிதான் பொறுப்பு. 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். பதிவே இல்லாதவர்கள் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போங்கள். பயிற்சி சொல்லித் தரும் பிசியோதெரபி பிரிவையும் கேளுங்கள். தொடைத் தசை வலுப்பட்டால்தான் ஊசி தந்த நிம்மதி நீடிக்கும்.

சிகிச்சையில் தவறு நடந்திருந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மருத்துவச் சேவை அதன் வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் அது பொருந்தும் என்று 2007-இல் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். முதலில் செய்ய வேண்டியது, சிகிச்சை ஆவணங்களைக் கேட்டு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புவது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. அந்தத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தராமல் இழுத்தடித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.