தாத்தாவுக்கொரு தூண்டில்

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு வளம் சேர்க்கும் பகுதி எங்கள் பாவூர்சத்திரம் வட்டாரம். மழை பெய்து குளங்கள் நிரம்பிவிட்டால் கரையெங்கும் தூண்டில்காரர்களைக் காணலாம். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, தக்கை, முள், மண்புழு; இவ்வளவுதான் அவர்களது முதலீடு. எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தாவும் அப்படி ஒரு தூண்டில்காரரே. வாதம் வந்து வலக்கை பலம் குன்றியபின், நீண்ட மூங்கிலைத் தூக்கி வீச அவரால் முடியவில்லை. குளத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அவர் கைக்கு ஏற்ற தூண்டில் ஒன்றைச் செய்து, அதையே அறிவியல் கண்காட்சியிலும் வைப்பதென நாங்கள் ஐவர் முடிவு செய்தோம். அப்போது கற்றதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ரீல். 'ஸ்பின்னிங் ரீல்' என்பதைத் தேர்ந்தெடுத்தோம். தையல் வகுப்பில் நூற்கண்டை மேசைமேல் நிறுத்தி, நூலை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். கண்டு சுழலாது, நூல் மட்டும் சுருள் சுருளாகக் கழன்று வரும். இந்த ரீலின் தத்துவமும் அதுவே. இங்கிலாந்தின் இல்லிங்வொர்த் என்பவர் 1905ஆம் ஆண்டில் இத்தகைய ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். கண்டு சுழல வேண்டாததால் இலேசான தூண்டிலையும் தூரமாக வீசலாம். கைப்பிடியை இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றிப் பூட்டலாம். தாத்தா இடக்கையால் கம்பைப் பிடித்து, வலக்கையால் மெல்லச் சுற்றினால் போதும்.

அடுத்தது கம்பு. நம் நாட்டுக் கல்மூங்கில் ஒரு காலத்தில் 'கல்கத்தா மூங்கில்' என்ற பெயரில் மேனாடுகளுக்குக் கப்பலேறித் தூண்டில் கம்பானது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடி இழையும், 1970களில் கார்பன் இழையும் வந்தன. கார்பன் மிக இலேசு. ஆனால் கல்லில் மோதினால் எளிதில் பழுதாகும். மின்சாரமும் அதில் பாயும். மின்கம்பியின் அருகே கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. கைத்தடியோடு நடக்கும் தாத்தாவுக்குக் கண்ணாடி இழையே நல்லதென்று ஆறடிக் கம்பு வாங்கினோம். அதில் 4 முதல் 8 பவுண்டு, அதாவது சுமார் 2 முதல் 3½ கிலோ வரை தாங்கும் நரம்புக்கு உரியது என்று குறித்திருந்தது.

மூன்றாவது வளையங்கள். இங்கேதான் தவறினோம்! பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று எல்லாவற்றையும் ஒரே அளவில் சிறியதாக வைத்துக் கட்டினோம். வீசினால், எதிர்பார்த்ததில் பாதித் தூரம்கூடப் போகவில்லை. அறிவியல் சிஸ்டரிடம் முறையிட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஆய்வகத்துப் புனல் ஒன்றை மேசைமேல் வைத்தார். புரிந்துவிட்டது! ரீலிலிருந்து அகன்ற சுருளாக வரும் நரம்பு, சிறிய வளையத்தில் முட்டித் தடைப்படுகிறது. ஆகவே ரீலுக்கு அடுத்த வளையம் பெரியதாகவும் உயரமாகவும் இருந்து, நுனி நோக்கிப் படிப்படியாகச் சிறுக்க வேண்டும். நூலைப் பிரித்து மறுபடியும் கட்டினோம். அடிக்கு ஒரு வளையம், நுனிக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. வளையத்தினுள் பஞ்சை உரசிப் பார்க்க வேண்டும். இழை சிக்கினால் அங்கே விரிசல் உண்டு, நரம்பு அறுந்துவிடும்.

பிறகு நரம்பை வளையங்களில் கோத்து, நுனியில் சிறு எடை கட்டிக் கம்பை வளைத்துப் பார்த்தோம். நரம்பு கம்பின் வளைவை ஒட்டியே செல்ல வேண்டும். ஓரிடத்தில் அது வளைவைவிட்டு விலகிச் சென்றது. அங்கே இன்னொரு வளையம் சேர்த்தோம்.

கைப்பிடிக்குத் தக்கை மரம். பிடி தளராதிருக்கச் சற்றுத் தடிமனாக வைத்தோம். ரீலைப் பூட்டி ஒரு விரல்மேல் நிறுத்தினால், ரீலின் அருகிலேயே கோல் சமநிலையில் நிற்க வேண்டும். முன்பாரம் இருந்தால் மணிக்கட்டு வலிக்கும்.

கடைசியாக நரம்பு. வலுவானதே நல்லது என்று நினைப்போம். அது தவறு. கம்பின் குறிப்பை மீறிய நரம்பு போட்டால், முரட்டு மீன் இழுக்கும்போது நரம்பு தாங்கும், கம்பு ஒடியும். நாங்கள் 6 பவுண்டு நரம்பு போட்டு, அதன் பலத்தில் நான்கில் ஒரு பங்கு இழுவைக்கே ரீல் விட்டுக்கொடுக்குமாறு திருகினோம்.

கண்காட்சி முடிந்த சனிக்கிழமை, குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் அனுமதி பெற்றுத் தாத்தாவை அழைத்துச் சென்றோம். முதல் வீச்சு ஆகாயத்தாமரையில் விழுந்தது, இரண்டாவது கரையிலேயே. மூன்றாவது நடுத்தண்ணீருக்குப் போயிற்று. நெடுநேரத்துக்குப்பின் உள்ளங்கையளவு ஜிலேபிக் கெண்டை ஒன்று ஏறியது.

"மூங்கில் மாதிரி வராது பிள்ளைகளா. ஆனா கைக்கு அடங்குதுல்லா!" என்றார்.

விலையுயர்ந்த உறுப்புகளைச் சேர்த்தால் நல்ல தூண்டில் ஆகிவிடாது. ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எல்லாம் சேர்ந்து பிடிக்கும் கைக்குப் பொருந்த வேண்டும். செய்து பார்க்க விரும்பும் தோழியருக்கு ஒரு வேண்டுகோள்: அறுந்த நைலானைக் கரையில் எறியாதீர்கள். கொக்கின் கால்கள் அதில் சிக்கிக்கொள்ளும்.